வாசலில் தொடங்கும் வேலை: யூதச் சபையில் இன நீதிப் பணி, முழுமையான வழிகாட்டி

அமெரிக்க நகரம் ஒன்றில் சனிக்கிழமை காலை யூதர்களின் வழிபாட்டு இடமான சினகாக்குக்குப் போனால் முதலில் கண்ணில் படுபவர் ரப்பியாக, அதாவது யூத மதகுருவாக, இருக்க மாட்டார், காவலராக இருப்பார். இடுப்பில் துப்பாக்கி இருக்கும். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கின் 'ட்ரீ ஆஃப் லைஃப்' சினகாக்கில் தொழுகைக்கு வந்திருந்த 11 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அதற்குப் பிறகு பல சபைகளில் இது வழக்கமாகிவிட்டது. அந்தக் காவலரைக் கடந்து ஒரு வெள்ளைக் குடும்பம் உள்ளே போகிறது. 'ஷபாத் ஷாலோம்' என்று வாழ்த்து கிடைக்கிறது. பின்னாலேயே ஒரு கறுப்பினப் பெண் வருகிறார். அவருக்குக் கிடைப்பது கேள்வி: "நீங்கள் யாரைப் பார்க்க வந்தீர்கள்?" அவர் இருபது வருடமாக அங்கே சந்தா கட்டுகிற உறுப்பினராகக்கூட இருக்கலாம்.

இன நீதி பற்றி ஒரு யூதச் சபை பேசத் தொடங்கினால் வழக்கமாக என்ன நடக்கும்? முதலில் ஓர் அறிக்கை வரும். அப்புறம் ஒரு புத்தக வாசிப்பு, ஓர் ஊர்வலம், சில புகைப்படங்கள். மேலே சொன்ன வாசல் அப்படியே இருக்கும். 2020 ஆகஸ்டில் 600க்கும் மேற்பட்ட யூத அமைப்புகள் கறுப்பின மக்களின் போராட்டத்தை ஆதரித்து நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன. நல்ல காரியம்தான். ஆனால் கையெழுத்துப் போடுவது அரை நிமிட வேலை. மீதி வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன், வாசலில் இருந்து வெளியே போகிற வரிசையில்.

யூதக் குடும்பங்களில் பெண் கொடுத்து, பெண் எடுத்த தமிழர்கள் அமெரிக்காவில் உண்டு. துணையோடு சினகாக் போய் ஏதாவதொரு குழுவில் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. ஊரில் பல மதத்தார் சேர்ந்த கூட்டமைப்பில் தங்கள் கோயில் சார்பாகவோ தேவாலயம் சார்பாகவோ உட்காருகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்றவர்கள், ஒரு சமூகம் தன் வீட்டைத் தானே கூட்டிப் பெருக்க முயன்றால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம்.

முதல் படி: 'நாம்' என்றால் யார் என்று எண்ணுங்கள்

"நாம் கறுப்பின மக்களோடு நிற்க வேண்டும்." மேடையிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வரும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பின யூதர் குழம்பிப் போவார். அவர் 'நாம்' பக்கமா, 'மக்கள்' பக்கமா?

பியூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பில் அமெரிக்க யூதர்களில் 92 சதவீதம் பேர் தங்களை வெள்ளையர் என்று குறிப்பிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆனால் 30 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். 17 சதவீதம் பேரின் வீட்டில் ஒருவராவது, குழந்தையோ பெரியவரோ, வெள்ளையர் அல்லாதவராகவோ கலப்பினத்தவராகவோ இருக்கிறார். அதாவது ஞாயிறு வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்காரும் தாத்தாக்களும் இரண்டு வேறு சபைகள் போல.

அடுத்த வருடம் வெளிவந்த இன்னொரு ஆய்வு வெள்ளையர் அல்லாத யூதர்கள் 1,100க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. 80 சதவீதம் பேர் யூதச் சூழல்களிலேயே பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். வெளியே இல்லை, சொந்த வீட்டில்.

உங்கள் சபையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டத்தில் கைதூக்கச் சொல்லாதீர்கள், அதைவிடக் கொடுமை வேறில்லை. ஒவ்வொருவராக, காபி குடித்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் பேசுங்கள். "இங்கே வந்த முதல் நாள் எப்படி இருந்தது?" என்று கேட்டால் போதும், மீதி தானாக வரும். கேட்டதை அவர் அனுமதி இல்லாமல் எங்கேயும் சொல்லக் கூடாது. சபையில் இருக்கும் நான்கு கறுப்பினக் குடும்பங்களைக் கூப்பிட்டு "நீங்களே எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று சுமையை அவர்கள் தலையில் இறக்கவும் கூடாது. பாடம் எடுக்கச் சொன்னால் சம்பளம் கொடுங்கள்.

இரண்டாம் படி: பெருமையையும் பிழையையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

இந்தப் படியில் நிறைய நேரம் செலவழிக்கலாம். செலவழிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எல்லாச் சபைகளிலும் ஒரு புகைப்படம் மனதில் மாட்டப்பட்டிருக்கும். 1965 மார்ச் 21, அலபாமாவின் செல்மா. மார்ட்டின் லூதர் கிங் நடக்கும் அதே முன்வரிசையில் வெண்தாடியோடு ரப்பி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷெல். தன் கால்கள் ஜெபித்ததாக உணர்ந்தேன் என்று பிறகு எழுதினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு வாஷிங்டன் பேரணியில் கிங் பேசுவதற்குச் சற்று முன் பேசியவர் ரப்பி யோவாகிம் பிரின்ஸ். ஹிட்லர் காலத்து பெர்லினில் ரப்பியாக இருந்து, 1937இல் வெளியேற்றப்பட்டவர். வெறுப்பைவிட மோசமானது மௌனம், அதை நான் அங்கே கண்டேன் என்பது அவர் பேச்சின் சாரம். 1964 ஜூன் 18 அன்று புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், கிங்கின் அழைப்பை ஏற்றுப் போன 16 ரப்பிகள் ஒரே நாளில் கைதானார்கள். ஏன் வந்தோம் என்று அன்றிரவு சிறையிலேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். மூன்று நாள் கழித்து மிசிசிப்பியில் சிவில் உரிமைப் பணியில் இருந்த மூன்று இளைஞர்கள் கொலையானார்கள். ஜேம்ஸ் சேனி கறுப்பினத்தவர், ஆண்ட்ரூ குட்மனும் மைக்கேல் ஷ்வெர்னரும் யூதர்கள். சிவில் உரிமைச் சட்டத்தின் சில பகுதிகள் எழுதப்பட்டதே வாஷிங்டனில் சீர்திருத்த யூத இயக்கத்தின் அலுவலகக் கூட்ட மேசையில்தான்.

இதெல்லாம் உண்மை. பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை. சிக்கல் என்னவென்றால், பல சபைகள் நோட்டை இங்கேயே மூடிவிடும்.

அடுத்த பக்கத்தையும் எழுதுங்கள். 1861 ஜனவரி 4 அன்று நியூயார்க்கில் ரப்பி மோரிஸ் ரஃபால், அடிமை முறையை வேதம் அனுமதிக்கிறது என்று பிரசங்கம் செய்தார். அதை எதிர்த்து எழுதிய பால்டிமோர் ரப்பி டேவிட் ஐன்ஹார்ன், அந்த ஏப்ரலில் கலகக் கும்பலுக்குப் பயந்து பிலடெல்பியாவுக்கு ஓட வேண்டியிருந்தது. அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் வெளியுறவுச் செயலர் ஜூடா பெஞ்சமின் ஒரு யூதர், அடிமைகளை வைத்திருந்தவர். 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதம் யாருக்கு? 'அவசரப்படாதீர்கள்' என்று அறிக்கை விட்ட எட்டு மதகுருக்களுக்கு. அவர்களில் ஒருவர் அந்த ஊர் ரப்பி மில்டன் கிராஃப்மன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாங் ஐலண்டில் எழும்பிய லெவிட்டவுன் குடியிருப்பில் கறுப்பினத்தவருக்கு வீடு கிடையாது. அதைக் கட்டி விற்ற வில்லியம் லெவிட்டும் யூதர்.

மௌனத்துக்குப் பின்னால் இருந்த பயத்தையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. அட்லாண்டாவில் 'தி டெம்பிள்' என்று அழைக்கப்படும் சபையின் உறுப்பினர் லியோ ஃபிராங்க். 1915இல் ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்த் தூக்கிலிட்டது. அதன் பிறகு அந்த ஊர் யூதர்கள் பல பத்தாண்டுகள் தலையைக் குனிந்தே வாழ்ந்தார்கள். 1946இல் வந்த ரப்பி ஜேக்கப் ராத்ஸ்சைல்டு வாய் திறந்தார், இனப் பிரிவினையைக் கண்டித்துப் பேசிக்கொண்டே இருந்தார். 1958 அக்டோபர் 12 அதிகாலையில் 50 குச்சி டைனமைட் அந்தக் கட்டடத்தைக் கிழித்தது. பயந்தவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை.

இனி உங்கள் சபையின் சொந்தக் காகிதங்கள். நிர்வாகக் குழுவின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளை எடுங்கள். எந்த வருடம் நகருக்குள்ளிருந்து புறநகருக்குக் கட்டடத்தை மாற்றினீர்கள்? பழைய கட்டடத்தை யார் வாங்கினார்கள்? அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஒரு காலத்துச் சினகாக் இன்று கறுப்பினத் தேவாலயமாக இருக்கிறது, சுவரில் தாவீதின் நட்சத்திரம் அப்படியே தெரியும். அந்தத் தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். இருவருக்கும் பேச நிறைய இருக்கும். அப்படியே வட்டாரப் பதிவு அலுவலகத்தில் நிலப் பத்திரத்தையும் வாங்கிப் படியுங்கள். 'இந்த இடத்தைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது' என்ற ஷரத்து இருக்கலாம். சில பத்திரங்களில் அதே வரியில் யூதர்களும் இருப்பார்கள்! இத்தகைய ஷரத்துகளை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1948இல் சொல்லிவிட்டது. ஆனால் எழுத்து பத்திரத்தில் கிடக்கிறது. மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் அதை முறைப்படி ரத்து செய்து பதிவு செய்ய வழி இருக்கிறது.

மூன்றாம் படி: வரிசை மாறாமல் இருக்க மைமோனிடீஸைப் படியுங்கள்

தவறிலிருந்து திரும்புவதை யூதர்கள் 'தெஷுவா' என்பார்கள். 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ் இதற்கு ஒழுங்கான வரிசை எழுதி வைத்திருக்கிறார். தவற்றை வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதருக்கு மனிதர் செய்த தவறு என்றால் பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்வது சிறந்தது. இழப்பைச் சரிக்கட்ட வேண்டும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் போதாது, பாதிக்கப்பட்டவரின் மனம் ஆறும்படி கேட்க வேண்டும். பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில் எத்தனை மணி நேரம் உபவாசம் இருந்தாலும் அடுத்தவருக்குச் செய்த தவறு அதனால் கழியாது. முழுத் திருப்பம் நடந்ததா என்று எப்படித் தெரியும்? அதே சந்தர்ப்பம் மறுபடி வரும்போது அதே தவற்றைச் செய்யாமல் இருந்தால் நடந்தது.

'நீதியையே, நீதியையே பின்பற்று' என்ற உபாகம வசனத்தை, அது வேத வசனம், பதாகையில் எழுதுவார்கள், அழகாக இருக்கும். ஆனால் வேலைக்கு உதவுவது மைமோனிடீஸின் வரிசைதான். நான்கு வாரம், வாரம் ஒரு மணி நேரம் படித்தால் போதும்.

நான்காம் படி: குழு

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்வலர்கள் மட்டும் சேர்ந்த குழு ஆறு மாதத்தில் கலைந்துவிடும். நிர்வாகக் குழுவில் ஓட்டு உள்ள ஒருவர், பொருளாளருக்கு நெருக்கமான ஒருவர், 'இதெல்லாம் அரசியல், நமக்கு எதற்கு?' என்று கேட்கும் ஒருவர், இந்த மூவரும் வேண்டும். மூன்றாமவர் மிக முக்கியம். அவர் உள்ளே இருந்து கேட்கவில்லை என்றால் வெளியே இருந்து கேட்பார். வெள்ளையர் அல்லாத உறுப்பினர்கள் விரும்பினால் தலைமையில் இருக்கட்டும், விரும்பாதவரை இழுக்காதீர்கள். தொகை சிறிதானாலும் வருடாந்திர பட்ஜெட்டில் தனி வரியாக எழுத வையுங்கள்.

ஐந்தாம் படி: வாசலைச் சரிசெய்யுங்கள்

இப்போது அந்தக் காவலரிடம் திரும்பி வருவோம். இங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. பிட்ஸ்பர்க்குக்குப் பிறகு 2019இல் கலிபோர்னியாவின் பாவே சினகாக்கில் துப்பாக்கிச் சூடு, 2022 ஜனவரியில் டெக்சாஸின் காலிவில்லில் ரப்பி உட்பட நால்வர் பிணைக்கைதி. காவலர் வேண்டாம் என்று யாராலும் லேசாகச் சொல்ல முடியாது. அதேசமயம் சீருடையைப் பார்த்தாலே உடம்பு இறுகிப் போகும் கறுப்பின உறுப்பினருக்கு, காவல் இல்லாத வாசல்தான் பாதுகாப்பாகத் தோன்றும். இதற்கு முழுத் தீர்வு இருப்பதாக நான் நினைக்கவில்லை. செய்யக்கூடியவை உண்டு.

யாரையெல்லாம் நிறுத்திக் கேட்பது என்பதைக் காவலரின் ஊகத்துக்கு விடாதீர்கள். கேட்டால் எல்லாரையும் ஒரே கேள்வி கேளுங்கள், இல்லை யாரையும் கேட்காதீர்கள். காவலருக்கு முன்னால், சபையாரை முகம் பார்த்து அறிந்த வரவேற்பாளர் ஒருவர் நிற்கட்டும். புதுக் காவலர் வந்தால் முதல் வாரம் வரவேற்பாளரோடு நிற்க வேண்டும். வரவேற்பவர் சொல்லும் முதல் வார்த்தை வாழ்த்தாக இருக்கட்டும். "எப்போது மதம் மாறினீர்கள்?", "உங்கள் கதை என்ன?" இரண்டும் தடை. தேநீர் நேரத்தில் வெள்ளையர் அல்லாத உறுப்பினரைப் பரிமாறுகிறவர் என்று நினைத்துக் காலிக் கோப்பையை நீட்டுவது இன்றும் நடக்கிறது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு அது நடந்ததில்லை என்று அர்த்தம்.

வாசல் விஷயத்தில் நமக்குப் பக்கத்து ஊர்க் கதை ஒன்று உண்டு. கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி சினகாக் இருக்கிறது, 'வெள்ளை யூதர்' எனப்பட்டவர்களின் சபை. சுற்றுலா போனவர்கள் நீல ஓவியம் தீட்டிய சீனத் தரை ஓடுகளைப் பார்த்து வியந்திருப்பீர்கள். அந்த ஓடுகளுக்கு மேல் யார் உட்காரலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. விடுதலை செய்யப்பட்ட அடிமைகளின் வம்சம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு உள்ளே பெஞ்சு கிடையாது. முன்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும், வேத நூலான தோராவை வாசிக்க அழைப்பு வராது, பெண் கொடுக்கவும் மாட்டார்கள். அந்த வம்சத்தில் 1882இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். மதராஸில் சட்டம் படித்து வக்கீலானார். பக்கத்தில் வைக்கத்தில் 1924இல் கோயில் தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த காலகட்டம் அது, நம் பெரியார் சிறை சென்ற போராட்டம். சேலம் அதே ஆயுதத்தைத் தன் சினகாக்குக்குள் கொண்டுபோனார். சபையைப் புறக்கணித்தார், உட்காரக் கூடாத இடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார், பல ஆண்டுகள் விடவில்லை. 'யூத காந்தி' என்று அவருக்குப் பெயர். பெஞ்சு கிடைத்தது. கல்யாணம்? அவர் மகன் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்தில் பெண் எடுத்தது 1950இல். அதற்கும் ஊரில் பெரிய சலசலப்பு.

அமெரிக்கச் சபைகளில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். செல்மா படத்தைவிட இது அதிகம் பேச வைக்கும். ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் யூதர்கள்.

ஆறாம் படி: கூட்டாளிகளிடம் போகும்போது கையை வீசிக்கொண்டு போங்கள்

திட்டத்தோடு போகாதீர்கள் என்று அர்த்தம். பக்கத்துக் கறுப்பினத் தேவாலயத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலைப் பட்டியல் இருக்கும்: வாடகை, பள்ளி, காவல்துறை, வாக்குரிமை. அதில் எது என்று கேளுங்கள். 1966 முதல் 1975 வரை கறுப்பின மக்களின் மிகப் பெரிய உரிமை அமைப்புக்குத் தலைவராக இருந்தவர் கிவி காப்லன் என்ற பாஸ்டன் யூதத் தொழிலதிபர். இன்று அப்படி ஒன்றை யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள், எதிர்பார்க்கவும் கூடாது.

பாஸ்டனில் 1998இல் உருவான பல மதக் கூட்டமைப்பில் யூதச் சபைகளும் கறுப்பினத் தேவாலயங்களும் சேர்ந்து வேலை செய்கின்றன. அங்கே எல்லாவற்றுக்கும் அடிப்படை, இருவர் இருவராக உட்கார்ந்து பேசுவது. நூற்றுக்கணக்கில் அப்படிப் பேசிய பிறகே கோரிக்கை எழுதுகிறார்கள்.

இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றிய பேச்சு வரும். 2023 அக்டோபருக்குப் பிறகு பல கூட்டணிகள் இதில் விரிசல் கண்டன. வராது என்று நடிப்பதைவிட, உறவு நன்றாக இருக்கும்போதே 'இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம், அப்போது என்ன செய்வது?' என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: ஒரே ஒரு கோரிக்கை

ஐந்து பிரச்சினைகளைக் கையில் எடுத்த சபை ஐந்திலும் பதாகை மட்டுமே பிடிக்கும். ஒன்றை எடுங்கள். உதாரணமாக வாக்குரிமை. தண்டனையை முடித்து வெளியே வந்தவர்களுக்கு ஓட்டுரிமை தரும் அரசியல் சட்டத் திருத்தம் 2018 நவம்பரில் புளோரிடாவில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஜெயிக்க 60 சதவீதம் தேவை, 64க்கு மேல் கிடைத்தது. கொலை, பாலியல் குற்றம் செய்தவர்களுக்கு இது பொருந்தாது. கொண்டாடி முடிப்பதற்குள், 2019இல் மாநிலச் சட்டமன்றம் 'நீதிமன்ற அபராதம், கட்டணம் எல்லாம் கட்டிய பிறகுதான் ஓட்டு' என்று சட்டம் போட்டது. வாக்கெடுப்பு நாளோடு வேலையை முடித்தவர்கள் ஏமாந்தார்கள். உங்கள் திட்டத்தில் வெற்றிக்குப் பிந்தைய இரண்டு வருடமும் இருக்கட்டும்.

வரிவிலக்கு பெற்ற மத அமைப்பு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்ற விதி 1954இல் வந்தது. மசோதாவை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், ஆனால் அதுவே அமைப்பின் பெரும்பகுதி வேலையாகிவிடக் கூடாது. முதல் கூட்டத்துக்கே சபையில் இருக்கும் வக்கீல் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். யூதச் சபையில் வக்கீலுக்கா பஞ்சம்?

எட்டாம் படி: பணம்

இங்கே வந்தால் அறை அமைதியாகிவிடும். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முடில் ஒரு வழக்கு இருக்கிறது, அதில் இரண்டு பழைய அறிஞர் மரபுகள் மோதுகின்றன. ஒருவன் உத்திரம் ஒன்றைத் திருடி, அதை வைத்து மாளிகை கட்டிவிட்டான். என்ன செய்வது? ஷம்மாய் பள்ளியார், மாளிகையை இடித்தாவது உத்திரத்தை உரியவரிடம் கொடு என்றார்கள். ஹில்லேல் பள்ளியார், உத்திரத்தின் விலையைக் கொடுத்தால் போதும், இல்லாவிட்டால் திருந்த நினைப்பவனும் திருந்த மாட்டான் என்றார்கள். சட்டம் ஹில்லேல் பக்கம் நின்றது. கவனியுங்கள், எதுவும் தர வேண்டாம் என்று இரண்டு பள்ளியாரும் சொல்லவில்லை.

அடிமை முறைக்கான இழப்பீட்டை ஆராய ஆணையம் அமைக்கும் மசோதா 1989இல் இருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்படுகிறது. சீர்திருத்த யூத இயக்கம் 2019 டிசம்பரில் அந்த ஆய்வை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. உங்கள் சபை அளவில்? இரண்டாம் படியில் கிடைத்த காகிதங்களைப் பொருளாளர் முன் வையுங்கள். கறுப்பினக் குடும்பங்களுக்குக் கிடைக்காத வீட்டுக் கடனால் புறநகருக்கு வந்த சபை என்றால், முதல் வீடு வாங்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு முன்பணம் தரும் உள்ளூர் நிதிக்குப் பங்களிக்கலாம். வைப்புத்தொகையில் ஒரு பகுதியைக் கறுப்பினத்தவர் நடத்தும் கடன் சங்கத்துக்கு மாற்றலாம். எதைச் செய்தாலும் 'நன்கொடை' என்ற தலைப்பில் எழுதாதீர்கள்.

ஒன்பதாம் படி: பண்டிகை நாள்காட்டியில் கட்டிப் போடுங்கள்

கூட்டம் கூட்டி நினைவூட்டும் வேலை மறந்துபோகும், பண்டிகையோடு கட்டிய வேலை மறக்காது. 1969 ஏப்ரல் 4, கிங் கொல்லப்பட்டு ஒரு வருடம். வாஷிங்டனில் ஒரு கறுப்பினத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் யூதர்களும் கறுப்பினக் கிறிஸ்தவர்களும் சுமார் 800 பேர் ஒன்றாக உட்கார்ந்து எகிப்திலிருந்து மீண்ட கதையைச் சொல்லிப் பெசாக் பண்டிகை விருந்து உண்டார்கள். அந்த 'விடுதலை விருந்து' இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. விருந்து நல்லது, ஆனால் அதை விருந்தாளியின் வீட்டில், அவர் கேட்ட நாளில் வைக்கிறீர்களா என்று பாருங்கள்.

கணக்குப் பார்ப்பதற்கு யோம் கிப்பூருக்கு முந்தைய எலூல் மாதம் பொருத்தமானது. வருடம் முழுக்க யார் யாரைத் தோரா வாசிக்க மேடைக்கு அழைத்தார்கள் என்ற பட்டியல், வழிபாட்டை ஒழுங்கு செய்யும் 'கபாய்' கையில் இருக்கும். சந்தா விட்டுப் போனவர்களின் பட்டியல் அலுவலகத்தில் இருக்கும். இரண்டையும் கேட்டு வாங்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள். விட்டுப் போனவர்களுக்கு ரப்பியே போன் போடட்டும்.